கும்பாதிரியின் ஓட்டு

"யாரு வந்து கேட்டாலும் நான் இல்லன்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டு, மகள் அமெரிக்காவிலிருந்து சாமான் போட்டு அனுப்பிய பெரிய பீப்பாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார் நிக்கலாவ்.

அவர் மனைவி தொமிங்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாடாளுமன்றத்துக்குப் போற மனுஷன் அடுப்படியில ஒளியுற அழகைப் பாரு! முற்றத்துல ஊரே வந்து நிக்கி."

உண்மைதான். சோளமும் பயறும் போட்ட கச்சுப்பா கொதித்துக்கொண்டிருந்தது, கரும்புச் சாராயம் கை மாறிக்கொண்டிருந்தது. பெண்கள் முரசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, 'எங்க பெட்டி வெள்ளைப் பெட்டி, கறையே இல்லாப் பெட்டி' என்று காலையில் கட்டிய புதுப்பாட்டைத் தொண்டை கிழியப் பாடினார்கள்.

"அந்தப் பாட்டை மட்டும் நிறுத்தச் சொல்லு."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"இசிதோரு கும்பாதிரி மலையிறங்கி வாராராம். அவரு காதுல விழ வேண்டாம்."

தோற்றவர் மனசு நோகக் கூடாது என்று நினைக்கிறாரே என தொமிங்காவுக்குப் புருஷன்மேல் பாசம் பொங்கியது. போய் நிறுத்திவிட்டு வந்தாள்.

பிராவா தீவுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டே இடங்கள். ஓட்டு கட்சிக்குத்தான், ஆளுக்கு இல்லை. கட்சி கொடுத்த வரிசைப்படி ஆட்கள் உள்ளே போவார்கள். படகுக் கட்சி பெரியது, அதனால் அதன் முதல் ஆளுக்குக் கவலையில்லை. இரண்டாவதாக நின்ற நிக்கலாவ் போக வேண்டுமானால், விளக்குக் கட்சி வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் படகு வாங்க வேண்டும். சரியாக இரண்டு மடங்கு என்றால்கூட அந்த இடம் சின்னக் கட்சிக்கு, அதாவது விளக்கின் முதல் ஆளான இசிதோருக்குப் போய்விடும்.

எண்ணிப் பார்த்தபோது, இரண்டு மடங்குக்கு மேல் ஒரே ஒரு ஓட்டு இருந்தது.

இசிதோரின் மூத்த மகளுக்கு நிக்கலாவ் ஞானத்தகப்பன். அந்த உறவுதான் கும்பாதிரி உறவு. தீவில் கூடப்பிறந்தவனைவிட அது ஒரு படி மேல். ஒரே குடும்பம் மாதிரி இருந்தவர்கள் எதிரெதிரே நின்றதே ஊருக்குப் பெரிய பேச்சாக இருந்தது.

இசிதோர் வந்தார். முற்றத்தில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல், பழகின வீடாயிற்றே, நேரே அடுப்படிக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

"என்னவே, ஒளிஞ்சு விளையாடுற வயசா நமக்கு?"

நிக்கலாவ் எழுந்தார். "சட்டையில என்னவே கறை?"

"சாணி. எங்க ஆளுங்கதான் எறிஞ்சானுவ. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, படகுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்னு சொல்லிப்புட்டேன்."

அது இருவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது, விருந்தில் முதல் ஆளாகத் தன் தட்டில் தானே அள்ளிப் போட்டுக்கொள்கிற மாதிரி அசிங்கம் என்று அங்கே பெரியவர்கள் நினைப்பார்கள். அதனால் நிக்கலாவ் இந்தக் கடலோர ஊரில் விளக்குக்கும், இசிதோர் தன் மலையூரில் படகுக்கும் போடுவதாகக் கைகொடுத்துப் பேசி முடித்திருந்தார்கள். பெண்டாட்டிமாருக்குக்கூடச் சொல்லவில்லை.

"ஒரு ஓட்டுல போச்சு, அது ஒன் ஓட்டுதாம்லேன்னு குதிக்கானுவ. 'ஏலே, நான் அவருக்குப் போட்டேன், அவரு எனக்குப் போட்டாரு, ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு'ன்னா நம்ப மாட்டங்கானுவ. நீரு ஒரு எட்டு வந்து, கோயில் வாசல்ல வச்சு, 'ஆமா, போட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடும். அது போதும்."

"கும்பாதிரி..."

"பதவி போனாப் போவுது. துரோகின்னு பேரு வாங்கிட்டு அந்த ஊர்ல நான் எப்படிவே தலைநிமிர்ந்து நடப்பேன்? எம் பொண்ணே ஒரு மாதிரியாப் பாக்கா."

நிக்கலாவ் பீப்பாயைப் பார்த்துக்கொண்டே, "வாரேன்" என்றார்.

இசிதோர் சாணிச் சட்டையோடு அவரைக் கட்டிக்கொண்டார். "ஜெயிச்சதுக்குப் போயி யாராவது வெக்கப்படுவாங்களாவே? எப்படி வேர்க்குது பாரும்! வாரும் வெளிய."

தோளில் கைபோட்டு அவரை முற்றத்துக்கு இழுத்து வந்தார். சண்டையை எதிர்பார்த்து நின்ற கூட்டம் ஆரவாரம் செய்தது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் பாட்டை நிறுத்திட்டீக? எனக்காகவா?" என்று இசிதோர் பெண்களைப் பார்த்துச் சிரித்தார். "மலையிறக்கத்துல வரும்போதே காதுல விழுந்துச்சே. வெள்ளைப் பெட்டின்னு. அது என்ன பெட்டி மதினி?"

"தொமிங்கா, அவருக்கு மொதல்ல ஒரு தட்டு கச்சுப்பா போடு" என்று நிக்கலாவ் அவசரமாகக் குறுக்கிட்டார்.

தொமிங்கா தட்டை நிறைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் முகமெல்லாம் பெருமை.

"நம்ம ஊரு ஓட்டுப்பெட்டிதான் அண்ணே. ஒங்க விளக்குக்கு ஒரு ஓட்டுகூட விழல!"