முக்காடு இல்லாத முகங்கள்

காளவாசல் வெயில் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே புகுந்து இஜாஸின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைத் தரையில் ஒரு முழத்துக்குக் கிடக்கிறது. மேசைமேல் முத்துச்செல்வியின் பழைய கம்ப்யூட்டர்; அவளும் பக்கத்தில் நிற்கிறாள். அவளுடைய பியூட்டி பார்லரில் இருந்து வந்ததால் இடுக்கெல்லாம் பவுடர். சாயங்காலம் அதை விலைக்கு வாங்க ஆள் வருகிறார். அதற்குள் அவள் அலங்கரித்த மணப்பெண்களின் படங்கள் போயாக வேண்டும். போனில் ஏற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து எடுத்தவை. முக்காடு இல்லாத முகங்களும் உண்டு. மகளின் நிக்காஹ் படத்தை நினைத்து அமீருன்னிசா தானே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். "டெலிட் பண்ணினாலும் திரும்ப எடுத்துர்றாங்களாமே?" "இது அப்படி இல்ல சாச்சி. இந்த புரோகிராம் பென்டிரைவ்ல இருந்து ஓடி, டிஸ்க் பூரா வெறும் நம்பரா எழுதி மூடிரும். போலீசே வந்தாலும் ஒண்ணும் கிடைக்காது" என்கிறான் இஜாஸ். நீலத் திரையில் அழிக்கவா என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. இஜாஸ் முத்துச்செல்வி பக்கம் குனிந்து முணுமுணுக்கிறான்: "அக்கா, உங்க வேலை அம்புட்டும் இதுலதான் இருக்கு. புதுசா வாரவங்களுக்கு எதைக் காட்டுவீங்க? நல்லதா நாலு மட்டும் எடுத்து வைக்கவா?" சின்னக் கடை, அமீருன்னிசாவுக்கும் அது கேட்கிறது. முத்துச்செல்விக்கு அவர் மகளின் இமை நினைவுக்கு வருகிறது. அப்படியொரு மைக்கோடு அதற்குப் பிறகு அவள் கைக்கு வாய்க்கவில்லை. "வேணாம்ப்பா" என்றபடி என்டரைத் தானே தட்டுகிறாள். கம்ப்யூட்டருக்குள் ஃபேன் இரைகிறது. திரை ஒரு சதவீதம் காட்டும்போதே அமீருன்னிசா எழுந்து செருப்பை மாட்டுகிறார். "முடியிற வரைக்கும் பாத்துட்டுப் போங்க சாச்சி" என்கிறான் இஜாஸ். "அதான் முத்து இருக்காள்ல" என்கிறார் அவர். "நான் வாரேன்."