மணிக்கயிறு

கோதுமை வயல்களுக்கு நடுவில் எண்ணூறு வருடப் பழைய தேவாலயம் ஒன்று இருந்தது. தடித்த சுவர்கள், அரைவட்ட வாசல், கை நுழையும் அளவுக்கே சன்னல்கள். ஊர் நெடுஞ்சாலைப் பக்கம் நகர்ந்துவிட்டதால் பூசைக்கு யாரும் வருவதில்லை. கோபுரத்துக்குள் மணிக்கயிறு மட்டும் தொங்கியது. அந்த வசந்தத்தில் ஒரு தகைவிலான் குருவி வந்து அதன் அருகே கூடு கட்டியது.

தினமும் காலையில் கயிறு கேட்கும்: "குருவி, மேலே மணி எப்படி இருக்கு?"

குருவி உச்சிவரை பறந்து பார்த்துவிட்டு வரும். "பளபளன்னு இருக்கு, அண்ணே."

மேலே மணி இல்லை. பழைய போர் ஒன்றில் பீரங்கி வார்க்க அதை எடுத்துப் போய்விட்டார்கள். கயிற்றை வெறும் உத்தரத்தில் கட்டிவிட்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் கயிறு தாங்காது என்று குருவி பயந்தது.

பனிக்காலம் நெருங்கியது. தெற்கே கிளம்பும் நாளில், பொய்யோடு போகக் குருவிக்கு மனம் வரவில்லை.

"அண்ணே, மேலே மணியே இல்லை."

"தெரியும். அதைக் கீழே இறக்கினதே என்னை வச்சுத்தான்."

"அப்புறம் எதுக்குத் தினமும் என்னை மேலே விரட்டினீங்க? இறக்கை என்ன வலி வலிச்சுது தெரியுமா?"

"வேற எதைக் கேட்டா நீ தினமும் எங்கிட்ட வந்து பேசுவே?"

வெளியே மற்றக் குருவிகள் கூப்பிட்டன. இது வாசல் பக்கம் போகாமல் உச்சிக்குப் பறந்தது. வெறும் உத்தரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு இறங்கியது.

"நல்லாத்தான் இருக்கு, அண்ணே," என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.