வாய் திறந்த சோழி

"அவுக திரும்பி வருவாகளா, சாமி?" என்று கேட்டுவிட்டுச் சந்தனமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெங்கிட்டு ஜோஸ்யர் உருகிப் போனார். மட்டாஞ்சேரியில் அவர் சோழியைக் குலுக்கினால் துறைமுகத்துக் கப்பல்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பும். அப்படிச் சொன்னது அவரேதான். ஆனால் எதிரே ஒருத்தி அழுதால் மட்டும் மனுஷனுக்கு ஜோஸ்யமே மறந்துபோகும்.

இவள் இஞ்சிக் கிடங்கில் வேலை பார்க்கிறவள். புருஷன் செல்லதுரை கள்ளத்தோணி ஏறித் துபாய்க்குப் போனவன், போனவன்தான். தகவலே இல்லை.

"இது கடலடியில ஊர்ந்த நத்தையோட ஓடாக்கும், கேட்டயா. உசிரு போயும் வாய் மூடலை. வாய் மேல பாத்து விழுந்தா ஆள் வருவன்."

"கவுந்து விழுந்தா?"

"அதை ஏன் இப்பவே கேக்கறாய்? விழட்டும்."

விழுந்தன. ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையும் குப்புறப் படுத்துக்கொண்டன. ஒரு மரியாதைக்காவது ஒன்று முகத்தைத் திருப்பியிருக்கலாம்.

எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடிப்போன இடது மணிக்கட்டைப் பலகையோரம் ஊன்றிச் சந்தனமாரி குனிந்து பார்த்தாள். கண்ணீர் கொட்டிய கொட்டில் கொச்சிக் காயலே ஒரு விரற்கடை உயர்ந்திருக்கும்.

ஜோஸ்யருக்குத் தாங்கவில்லை. "மொத உருட்டு பகவானுக்கு. அடுத்ததுதான் உனக்கு" என்று அவசரமாகச் சோழிகளை அள்ளினார்.

"இதே போதும், சாமி."

"போறாது. நம்பிக்கைய விட்டுடாதே."

ஆயுளில் ஒருதரம்கூடச் செய்யாத வேலையை அன்றைக்குத்தான் அவர் விரல்கள் செய்தன. உருட்டுகிற சாக்கில் ஒவ்வொன்றையும் நெம்பி மல்லாத்திவிட்டன. பலகை முழுக்கச் சோழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"பாத்தயா? வருவன். இந்த மழை ஓயறதுக்குள்ள வந்து உன் கதவைத் தட்டுவன்."

அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஜோஸ்யர் தாமும் மூக்கை உறிஞ்சினார்.

"மாறாதா, சாமி?"

"சோழி சொன்னா சொன்னதாக்கும். பிரம்மாவே எறங்கி வந்தாலும் மாத்த முடியாது."

சந்தனமாரி கோணல் மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப, அவன் வர்றதுக்குள்ள நான் எங்க போயி ஒளியட்டும், சாமி?"