பழகிய கட்டில்

வேலையில் சேர்ந்து மூன்று வாரமாகியும் ரிஸ்வானா ஒரு கட்டிலைக்கூட விற்கவில்லை. அவளுடைய கம்பெனியின் ஆஸ்பத்திரிக் கட்டில்கள், நோயாளியின் உடம்பைப் பழகிக்கொண்டு இதமாக அசைந்து கொடுக்கும். அன்று பாளையங்கோட்டை நர்சிங் ஹோமில் காட்டுவதற்கு அவள் கொண்டுபோனது ஏற்கெனவே ஓர் ஆஸ்பத்திரியில் இருந்த கட்டில். முன்பு படுத்தவரைப் பற்றிய அதன் நினைவை அழித்துவிட்டதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

முதுகுவலியால் ஒன்பது நாளாகத் தூங்காத ஞானராஜை அதில் படுக்கவைத்தார்கள். ஓரங்கள் மெல்ல உயர்ந்து அவரைப் பொதிந்துகொள்ள, கட்டில் தொட்டில்போல ஆடத் தொடங்கியது. அவர் குறட்டை விட்டதும் மனைவி தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதையே வாங்கச் சொல்லி டாக்டர்ட்ட நான் சொல்லுதேன்."

அரை மணி நேரத்தில் ஆட்டம் நின்றது. ஓரங்கள் இறங்கிக் கட்டில் பலகைபோல் சமமானது. தலைமாட்டில் எரிந்த அதன் விளக்கும் அணைந்தது. படுத்திருப்பவரின் மூச்சு நின்றால்தான் அப்படி ஆகும் என்று ரிஸ்வானாவுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஞானராஜோ நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"நினைவை அழிச்சாச்சுன்னாங்க. ஆனா இது முன்னால படுத்திருந்தவங்களுக்கு ஆடுன ஆட்டம்மா," என்றாள் ரிஸ்வானா.

"இதுல முன்னால யாரும்மா படுத்திருந்தா?" என்றாள் தவமணி.

"ஆட்டத்தைப் பாத்தா ஏதோ சின்னப் பிள்ளைதாம்மா."

"அது இப்ப நல்லா இருக்கா?"

ஆமாம் என்றால் விற்றுவிடலாம். ரிஸ்வானா அணைந்த விளக்கைப் பார்த்தாள்.

"இல்லம்மா."

தவமணி கட்டிலின் கம்பியைப் பிடித்து மெதுவாக ஆட்டினாள். அவள் கையை எடுத்த பிறகும் கட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. ஓரங்கள் மறுபடி உயர்ந்தன.

"இதோட நினைவை அழிச்சிராதம்மா," என்றாள் தவமணி, குரலைத் தாழ்த்தி. "இப்பதான் தூங்குது."