காலி நாற்காலி

“ஹாலிஃபாக்ஸ் பயணிகளுக்குக் கடைசி அழைப்பு! வாசல் எண் நாற்பத்தெட்டு!”

ஒலிபெருக்கி அலறிய அதே நொடியில், சக்கர நாற்காலி ஒன்று வேகமாக வந்து வெண்டலின் காலில் இடித்து நின்றது.

“உக்காரு ராசா! உதவிக்கு ஆள் கேட்டது நீதானே?” தள்ளிக்கொண்டு வந்த விமான நிலைய ஊழியை டோரீன், அவன் காதருகே குனிந்து கத்தினாள்.

“வழி காட்டத்தான் ஆள் கேட்டேன் மேடம். எனக்குக் கண்ணுதான் தெரியாது. காதும் காலும் நல்லாவே இருக்கு. போன மாசம்கூட மாரத்தான் ஓடினேன்.”

“ஐயோ பாவம்!” என்றாள் டோரீன்.

சாயங்காலம் வெண்டலின் தங்கைக்குக் கல்யாணம். மோதிரம் அவன் சட்டைப்பையில். இந்த விமானத்தை விட்டால் அடுத்தது நாளைக்குத்தான்.

“நேரமாச்சு மேடம். உங்க முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தே வந்துடறேன்.”

“அதெல்லாம் நடக்காது. வாசல் வரைக்கும் நாற்காலி காலியாப் போகக்கூடாது. மேலதிகாரி பார்த்தா என் சீட்டைக் கிழிச்சுடுவார்!”

பரபரப்பில் அவள் இரண்டடி எடுத்து வைத்தாள். முட்டி ‘கடக் கடக்’ என்றது. வெண்டலுக்கு அது துல்லியமாகக் கேட்டது.

“காலியாப் போகக்கூடாது. அவ்வளவுதானே?” பெருமூச்சுடன் வெள்ளைக் கோலை மடக்கிப் பைக்குள் செருகினான்.

அடுத்த நிமிடம் நாற்காலி பறந்தது. பெரிய பையும் குளிர்கால கோட்டும் மடியில் மலைபோல் குவிந்திருந்தன.

“லெஃப்ட்! லெஃப்ட்! டோனட் கடை! ரைட்டு... ஐயோ, குழந்தை, குழந்தை!” டோரீன் போட்ட கூச்சலில் கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

“எவ்வளவு அக்கறையாத் தள்ளிக்கிட்டுப் போறாங்க பாரு!” என்று யாரோ ஒரு பெண்மணி கை தட்டினாள்.

நாற்பத்தெட்டாம் வாசலில், கதவை மூடப்போன ஊழியர் பாய்ந்து வந்து நாற்காலியைப் பற்றிக்கொண்டார்.

“நல்லவேளை, வந்துட்டீங்க! பயணியை இனிமே நான் பாத்துக்கறேன். கொண்டுவந்து விட்டவங்க அங்கேயே நில்லுங்க!”

நாற்காலி விமானத்தை நோக்கி உருண்டது. கோட்டு மலைக்குள்ளிருந்து டோரீனின் குரல் அலறியது:

“யோவ், நிறுத்துய்யா! பயணி நான் இல்லை, என்னைத் தள்ளிக்கிட்டு வந்த புள்ளை!”