மீசைப் பந்தயம்

"இதப் பாரு மச்சான். ஜுரம் வந்து படுத்து, மருந்தத் தொடாமலே நீ எந்திரிச்சு நடந்தீனா, இந்த மீசைய நடு சந்தையில வச்சு எடுத்துடறேன். போதுமா?"

துலுக்கானம் இப்படிச் சொன்னதும் பூந்தமல்லி சந்தை கொஞ்ச நேரம் வியாபாரத்தையே மறந்துவிட்டது. லேசுப்பட்ட மீசையா அது? கேம்ப் வந்த கலெக்டர் துரை குதிரையை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போன மீசை.

எதிரே நின்ற ஞானமுத்து, துலுக்கானத்தின் தங்கை அன்னம்மாளின் புருஷன். புருஷனும் பெண்சாதியும் போன வருஷம்தான் ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். புதுசில் எல்லாருக்கும் கொஞ்சம் வேகம் இருக்கும். "இனிமே எனக்கு வைத்தியர் கர்த்தர் ஒருத்தர்தான்" என்று ஞானமுத்து பேசப்போக, மச்சான் வம்புக்கு இழுத்துவிட்டான்.

"நான் மருந்தத் தொட்டேன்னா கோயில் பக்கமே போவமாட்டேன், போ" என்று ஞானமுத்துவும் பதிலுக்குச் சத்தியம் பண்ணிவிட்டான்.

ஐப்பசி மழை வந்தது. பின்னாலேயே கொசு வந்தது. கொசுவுக்குப் பந்தயமெல்லாம் தெரியுமா? ஞானமுத்து குளிர் ஜுரத்தில் படுத்தான். அவன் நடுங்கின நடுக்கத்தில் கயிற்றுக் கட்டிலும் சேர்ந்து ஆடியது.

கோயிலில் வேதம் சொல்லித்தருகிற உபதேசியார் வந்து பார்த்தார். "ஜெபமும் பண்ணு, மருந்தும் சாப்பிடு. ரெண்டும் அவர் கொடுத்ததுதாம்ப்பா."

"மீசை கீது ஐயா" என்றான் ஞானமுத்து, பல் தந்தியடிக்க. "அந்த மீசைகிட்ட தோக்க மாட்டேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அன்னம்மாள் மூலையில் முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே, இந்தாளு உயிரே போனாலும் மருந்தத் தொடாது. ஒரு தேவதூதனையாவது அனுப்புங்க."

கதவைத் தட்டும் சத்தம். ஓடிப்போய்த் திறந்தாள். துலுக்கானம் நின்றான், கையில் ஒரு சொம்போடு.

"இன்னா மச்சான், இன்னும் உயிரோடதான் கீறியா? உங்க சாமி ஊர்ல இல்லியா?"

அன்னம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் வாயாலதாண்ணே அதுக்கு இந்தக் கதி. இங்க இன்னாத்துக்கு வந்தே?"

"நொய்க்கஞ்சி கொணாந்தேன். பட்டினி கெடந்து செத்தா பந்தயத்துல சேராது பாரு."

கட்டிலில் உட்கார்ந்து தானே ஆற்றி ஊட்டினான். ஞானமுத்து முகத்தைச் சுளித்தான்.

"கசக்குது மச்சான்."

"ஜுரம் வந்த வாய்க்கு சர்க்கரையே கசக்கும். முழுங்கு."

அன்றிலிருந்து தினமும் பொழுது சாய வந்துவிடுவான். கஞ்சி ஊட்டுவான், வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணுவான், சொம்பைத் தானே கழுவி எடுத்துக்கொண்டு போவான். மச்சான் எப்போ சாவான், மீசை எப்போ பிழைக்கும் என்று பார்க்க வருகிறான் என்று தெருவே பேசியது. அன்னம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். கூடப் பிறந்தவனை அப்படி நினைக்க அவளுக்கே கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் ஞானமுத்து திடீரென்று எழுந்து உட்கார்ந்தான். "அன்னம், காதுக்குள்ள மணி அடிக்குதுடி. மோட்சத்து மணி."

"ஸ்தோத்திரம்" என்றாள் அவள்.

துலுக்கானத்துக்கு மட்டும் முகம் மாறிவிட்டது. "ரொம்பப் பலமா அடிக்குதா?"

"பலமாத்தான் மச்சான்."

"பயப்படாதே. நாளைக்குக் கம்மியா அடிக்கும்."

சொன்னபடியே மறுநாள் கம்மியாகத்தான் அடித்தது. அப்புறம் ஜுரமும் இறங்கியது. அடுத்த சந்தைக்கு ஞானமுத்து தன் காலாலேயே நடந்து வந்து நின்றான்.

கேட்க வேண்டுமா? யாரோ தப்பட்டை கொண்டுவந்துவிட்டார்கள். கத்திரிக்காய்க்காரி கடையை அப்படியே போட்டுவிட்டு முன்வரிசைக்கு ஓடிவந்தாள். நாவிதர் எத்திராஜ் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். துலுக்கானம் வழக்கம்போலச் சொம்போடுதான் வந்தான். மச்சானுக்குப் பாதி புகட்டுவதற்குள் ஜனங்கள் அவனை இழுத்துப்போய் உட்காரவைத்துவிட்டார்கள். சொம்பு அன்னம்மாள் கையில் தங்கிவிட்டது.

ஞானமுத்து பெருந்தன்மையாகச் சொன்னான். "வேணாம் மச்சான். ஆண்டவர் என்னைப் பொழைக்க வச்சுட்டாரு. உன் மீசை எனக்கு எதுக்கு?"

"சொன்னா சொன்னதுதான். எத்திராஜு, நீ ஆரம்பி."

ஒரு பக்கம் போனது. விசில் பறந்தது. அன்னம்மாள் ஆசை தீரச் சிரித்தாள். இந்த மனுஷனுக்கு இது வேண்டியதுதான். சிரித்துக்கொண்டே, மிச்சக் கஞ்சியை வீணாக்குவானேன் என்று சொம்பை வாயில் கவிழ்த்தாள்.

கசந்தது.

அவளுக்கு ஜுரம் இல்லை. ஆனாலும் நாக்கைப் பிடித்துக்கொண்டு கசந்தது. அந்தக் கசப்பு அவளுக்குத் தெரியும். ஞானஸ்நானத்துக்கு முந்தின மழையில் அவளும் குளிர் ஜுரத்தில் படுத்து, தபாலாபீசில் விற்கிற ஜுர மருந்து, அந்தக் கொயினாத் தூளை விழுங்கினவள்தான். அப்போது அவள் காதுக்குள்ளும் இதே மணிதான் அடித்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மறுபக்கமும் போய்விட்டிருந்தது. மேலுதடு மட்டும் வெளுத்துப்போய், ஊரோடு சேர்ந்து அண்ணனும் சிரித்துக்கொண்டிருந்தான். "உங்க சாமி கெட்டிக்காரருதாம்ப்பா, ஒத்துக்கறேன்."

"ஏண்டி அழுவுறே?" என்றான் ஞானமுத்து.

"சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு அவள் மெதுவாக முணுமுணுத்தாள்.

"தூதனை அனுப்பச் சொல்லித்தான் கேட்டேன், ஆண்டவரே. மீசை வச்ச தூதனா அனுப்புவீங்கன்னு யாரு கண்டா?"