சேறு படாத செருப்பு

போலீஸ் ஸ்டேஷனின் பின் அறையில், ஒரு சாக்குக்குள் இடது செருப்பு ஒன்று கிடந்தது. அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அது செத்துப்போன அல்லிமுத்துவின் செருப்பு.

"நீ எப்படி இங்க வந்தே?" என்று கேட்டது பக்கத்தில் சாய்ந்திருந்த துருப்பிடித்த சைக்கிள்.

"கிணத்தடியில கவிழ்ந்து கிடந்தேன். தண்ணி எடுக்கப் போனவ சேத்துல வழுக்கி உள்ள விழுந்துட்டான்னு எழுதி முடிச்சுட்டாங்க. என் அடியில பொட்டுச் சேறு இருக்கா பாரு. அவ அங்க நடந்தே வரல. யாரோ தூக்கிட்டு வந்து போட்டிருக்காங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு கேட்டா? காலாலதான் என்னைத் தள்ளினாங்க."

அடுத்த மழைக்காலத்தில் புதிதாக ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். சாக்கை அவிழ்த்து, செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டய்யா, சேத்துல வழுக்கினவ செருப்புல சேறே இல்லையே. இதோட ஜோடி எங்க?"

அன்றே வழக்கை மறுபடி திறந்து, அல்லிமுத்துவின் வீட்டிலிருந்து தேடத் தொடங்கினார்.

ஜோடி, அல்லிமுத்துவின் புருஷன் ஓட்டும் வேனில், சீட்டுக்கு அடியில் கிடைத்தது. யாரும் தேடாததால் அவனும் அதைத் தூக்கி எறிய மறந்திருந்தான்.

தீர்ப்பு நாளில் இரண்டு செருப்பும் கோர்ட் மேஜைமேல் சேர்ந்து இருந்தன. கொன்றவனைப் போலீஸ்காரர்கள் கூட்டிப் போனார்கள்.

"அந்த இன்ஸ்பெக்டரம்மாவைக் கும்பிடணும்போல இருக்கு. நமக்குத்தான் கை இல்லையே," என்றது வலது.

அப்போது அல்லிமுத்துவின் தாய் எழுந்து, இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"நமக்கும் சேர்த்துத்தான்," என்றது இடது.